பங்குனி ஆமையைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்ற கடல் ஆமை) முட்டையிட ஏறிவரும், பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி. டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகத் தேடக் கிளம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. முட்டையை எடுத்தால் வழக்கு. 1988இல் தொடங்கிய மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு இங்கே இரவு நடை நடத்துகிறது. அவர்களோடு போங்கள். படம் எடுக்கலாமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். கூடாது என்றால் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். ஆமையே கண்ணில் படாத ராத்திரிகளும் உண்டு.

தேட வேண்டியது ஆமையை அல்ல, தடத்தை. ஈர மணலில் முக்கால் மீட்டர் அகலத்தில், இடது வலது துடுப்புக் குறிகள் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை. தடம் ஒன்றுதான் என்றால் ஆமை இன்னும் மேலே இருக்கிறது: அங்கேயே நின்று, பேச்சை நிறுத்தி, உட்காருங்கள். இரண்டு என்றால் இறங்கிப் போய்விட்டது.

அவசரப்பட்டால் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். ஏறும்போதும் குழி தோண்டும்போதும் ஆமை மிரண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். 20 மீட்டர் தள்ளி, அதன் பார்வைக்குப் பின்னால் காத்திருங்கள். பின் துடுப்பால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை மாதிரி குழி பறித்து முட்டை விழத் தொடங்கிய பிறகு அது ஓரளவு அசையாமல் இருக்கும். நூற்றுக்கும் மேல் முட்டை. அப்போது பின்பக்கமாக மட்டும், தவழ்ந்து நெருங்கலாம். முட்டையிட்டு முடித்ததும் மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமுமாகச் சாய்த்து ஓட்டின் அடிப்பாகத்தால் ‘தொப்பு தொப்பு’ என்று இடித்துக் கெட்டிப்படுத்தும். கடற்கரையில் இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஏறியதிலிருந்து இறங்கும் வரை மொத்தமே ஒரு மணி நேரம்தான்.

ஃபிளாஷ் கிடையாது. கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கையும் அணைத்துவிடுங்கள். மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். மெமரி கார்டில் படம் பதிவாகும்போது மின்னும் சின்ன விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், திரை வெளிச்சத்தைக் கடைசிப் புள்ளிக்கு இறக்குங்கள். குழுவினர் ஒப்புக்கொண்டால் மட்டும் சிவப்புக் கண்ணாடித்தாள் மூன்று மடிப்பு சுற்றிய சின்ன டார்ச். சிவப்பை ஆமை மற்ற நிறங்களைவிடக் குறைவாகவே உணர்கிறது. அதுவும் ஓட்டின் பின் பாதியில் படட்டும், முகத்தில் வேண்டாம். 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 6400, 1/15 நொடி, மணலில் பதிக்கும் குட்டி ட்ரைபாட், கையால் ஃபோகஸ். சிவப்பு வெளிச்சத்தில் சாதாரண ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நம்பாதீர்கள்: அது சரியாகக் காட்டும்போதே சிவப்பு சேனல் பொங்கி வழிந்து, ஓட்டின் செதில்கள் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒரு ஸ்டாப் குறையுங்கள். RAW கோப்பாக எடுத்து, வீட்டுக்கு வந்ததும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே நல்லது. கரையில் லென்ஸ் மாற்றக் கூடாது. உப்பு மணல் ஒரு துகள் போதும்.

குஞ்சுப் படம் சுலபம். பாதுகாப்புக் குழுவினர் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்த முட்டை 45 முதல் 60 நாளில் பொரியும். அந்தி வெளிச்சத்தில் குஞ்சுகளை விடும்போது பக்கவாட்டில் படுத்து, 70–200 லென்ஸில் 1/500 வைத்தால் போதும். கடலுக்கும் குஞ்சுக்கும் நடுவே போகாதீர்கள். நான்கு சென்டிமீட்டர் குஞ்சுக்கு உங்கள் காலடித் தடமே ஒரு பள்ளம்.

உண்மையில், பலருக்கு முதலில் எதிர்ப்படுவது பகலில் ஒதுங்கிய செத்த ஆமைதான். வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்தவை அதிகம். அதையும் எடுங்கள், கை வைக்காமல்: பக்கத்தில் செருப்போ அளவுகோலோ வைத்து நேர் மேலிருந்து ஒன்று, தலை ஒன்று, துடுப்புகள் ஒன்று. ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள பெரிய செதில்கள் எண்ணும்படி தெரிய வேண்டும். பக்கத்துக்கு நான்கு என்றால் பச்சை ஆமையாகவோ அழுங்காமையாகவோ இருக்கலாம்; ஆறு அல்லது அதற்கு மேல், இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகாமல் இருந்தால் பங்குனி ஆமை. இடம், நேரத்தோடு வனத்துறைக்கு அனுப்பிவிடுங்கள்.