பழகிய நாய் வீட்டுக்குள் மூத்திரம் போகிறதா? முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

வெளியே போய்ப் பழகிய நாய் திடீரென ஹாலில் மூத்திரம் போக ஆரம்பித்தால், அதட்டுவதற்கு முன் 24 மணி நேரம் அது குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். நடுவில் ஊற்றுவதையும் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழியுங்கள். குளியலறை பக்கெட் அதன் வாய்க்கு எட்டக் கூடாது.

உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், அது சேட்டை அல்ல. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் என்று காரணம் உள்ளே இருக்கலாம். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதைச் செய்யும். தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள், ஆபத்து. அளவு சரியாக இருந்தும் அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் தொற்றோ கல்லோ இருக்கலாம். காலையில் போகும் முதல் மூத்திரத்தைச் சுத்தமான குழிக்கரண்டியில் பிடித்து, மூடிய டப்பாவில் ஓரிரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொடுங்கள். படுத்த துணியே நனைந்திருந்தால் தூக்கத்தில் தன்னறியாமல் கசிகிறது. கருத்தடை செய்த பெட்டை நாய்களிடம் இது சகஜம்.

சேலத்துச் சித்திரை வெயிலில் மூச்சிரைத்துக் கிடக்கும் நாய்க்கு இந்தக் கணக்கு சரிவராது. ஏற்காட்டு மழையில் ஈரப் புல்லுக்கும் அட்டைக்கும் பயந்து வாசலிலேயே திரும்பிவிடும் நாய்க்கும் அளவு தேவையில்லை, குடையோடு கூடப் போய் நின்றால் போதும். முக்கி முக்கியும் மூத்திரமே வரவில்லை என்றால் அளந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.