பழைய பயண டிரெய்லரின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் முறை

காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதியுள்ள பழைய பயண டிரெய்லரை வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாகப் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே தெரியும் கறை, பலகையின் உப்பல், மூடிக்கிடந்த பெட்டியின் நாற்றம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து இறங்கும் தண்ணீரே காரணம். அதை நிறுத்தாமல் உள்ளே எவ்வளவு அழகாக வேலை செய்தாலும், சில மழைகளுக்குள் அதே கறை அதே இடத்தில் மீண்டும் தோன்றிவிடும்.

கூரையின் விளிம்புப் பட்டை, காற்றுத் திறப்பு, ஜன்னல் சட்டம், பக்கவாட்டு விளக்கு என்று வெளித் தகட்டில் துளையிட்ட ஒவ்வோர் இடமும் சந்தேகத்துக்குரியது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒருவர் வெளியே நின்று குழாய்த் தண்ணீரை அழுத்தமின்றிக் கீழிருந்து தொடங்கிப் படிப்படியாக மேல்நோக்கி விட வேண்டும். இன்னொருவர் உள்ளே டார்ச் விளக்குடன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடுக்குகளையும் நனைத்துவிடும் என்பதால், எது உண்மையான கசிவு என்று பிரித்தறிய முடியாது. கசியும் ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி, களிமண்போல் வெடித்துக் காய்ந்திருக்கும் பழைய அடைப்புப் புட்டியை முழுவதும் சுரண்டி எடுத்து, பியூட்டைல் நாடா (பிசுபிசுப்பான ரப்பர் போன்ற அடைப்பு நாடா) ஒட்டித் திரும்பப் பொருத்துங்கள். சிலிகோன் அடைப்புப் பசையைப் பூசுவது எளிது என்றாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதன் எச்சம் படிந்த இடத்தில் பின்னர் வேறெதுவும் சரியாக ஒட்டாது.

அடுத்து, மரத்தின் நிலையை அறிய ஒரு குத்தூசி போதும். ஜன்னலின் கீழ்மூலையில் பலகைக்குப் பின்னால் உள்ள சட்டத்தில் அதை ஊன்றிப் பாருங்கள். நல்ல மரம் ஓரிரு மில்லிமீட்டரிலேயே ஊசியைத் தடுத்து நிறுத்தும். உளுத்த மரத்தில் அது பிடிவரை இறங்கி, வெளியே வரும்போது நுனியில் ஈரமான பழுப்புத் தூளை ஒட்டிக்கொண்டு வரும். அங்கே திருகாணியைத் திருகினால் பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அத்தகைய பகுதியை வெட்டி, உறுதியான மரம் தென்படும்வரை பின்னோக்கிச் சென்று, புதிய சட்டத்தைப் பழையதன் பக்கவாட்டில் ஒரு முழம் நீளத்துக்காவது சேர்த்துப் பசையும் திருகாணியும் இட்டு இணைக்க வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். எனவே மூடுவதற்கு முன் நன்றாக உலரவிடுங்கள். இதற்கு வாரங்கள் ஆனாலும் பரவாயில்லை.

எதையும் பிடுங்குவதற்கு முன் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் எண் எழுதுங்கள். மக்கிப்போன பலகையைக்கூட எறிய வேண்டாம். புதிய பலகையை வெட்டுவதற்கு அதுவே அச்சு. மரச்சட்டமும் அலுமினியத் தகடும் கொண்ட பல பழைய டிரெய்லர்கள் உள்ளிருந்து வெளியே கட்டப்பட்டவை, அதாவது உட்பலகையும் அலமாரிகளும் முதலில், வெளித்தகடு கடைசியில். இதனால் சில திருகாணிகளின் தலை வெளித்தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். அலமாரி அசையவில்லை என்றால் பலம் கொண்டு இழுக்காமல், இடுக்கில் ரம்பத் தகட்டை நுழைத்துத் திருகாணியை அறுப்பதே நல்லது.

எலிக்கூடு இருந்தால் உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, 1 பங்கு பிளீச்சை 9 பங்கு நீரில் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். பழைய தரை ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். சோதனை செய்து அறியும்வரை இவற்றை உடைக்கவோ உப்புத்தாள் கொண்டு தேய்க்கவோ கூடாது.

திரும்பக் கட்டும்போது எடையை மறந்துவிடாதீர்கள். எட்டுக்கு நான்கு அடியில் 18 மி.மீ. தடிமனுள்ள ஒரே ஒரு பிளைவுட் பலகை ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். சுவருக்கு 3 மி.மீ. பலகையே போதும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியின்மேல் அமைய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பின்கோடியில் கனமான அலமாரி வைத்தால் இந்தக் கணக்கு குலைந்து, வேகத்தில் வண்டி பக்கவாட்டில் ஆடும். பலகை அடிப்பதற்கு முன் மின்கம்பிகள் செல்லும் வழியைச் சட்டத்தின்மீது குறித்து வைத்தால், திருகாணி அவற்றைத் துளைக்காது.

பழைய மரப்பலகையின் மெருகு எதுவென்று அறிய, மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்துப் பாருங்கள். மெருகு கரைந்து பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு (ஷெல்லாக்). அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். புதிய அரக்குப் பூச்சு பழையதைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும் என்பதால், சுத்தம் செய்து மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை இட்டாலே அந்தத் தேன் நிறம் திரும்பிவிடும். அதன்மேல் வெள்ளைப் பெயின்ட் அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

எரிவாயுக் குழாயின் இணைப்புகளைத் தகுதி பெற்றவரைக் கொண்டு சோதியுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் அதன் கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவி தனியாகத் தேவை. இவை முடிந்ததும் சிறிது தூரம் ஓட்டிச் சென்று, கீல்களையும் தாழ்ப்பாள்களையும் மீண்டும் இறுக்குங்கள். பிறகு முதல் மழை பெய்த மறுநாள், ஜன்னலின் கீழ்மூலையை விரலால் தடவிப் பாருங்கள்.