மேற்கத்திய பாப் இசைக்குள் நுழைய ஒரு பாட்டிலிருந்து தொடங்குங்கள்

ராக், சோல், ஃபங்க், ஹிப்-ஹாப், மெட்டல் என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்ததுமே பலர் மலைத்துப் போகிறார்கள். பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் வேரையும் கிளையையும் காதாலேயே தேடிப் போவோம். நல்ல ஹெட்போன் ஒன்று வேண்டும். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 1: ஒரு பாட்டு, இரண்டு குரல்

பாட்டின் பெயர் 'ஹவுண்ட் டாக்'. 1953இல் வெளிவந்த பிக் மாமா தார்ன்டனின் பதிவை முதலில் கேளுங்கள். தன்னை ஏமாற்றியவனை வாசலிலேயே நிறுத்தி விரட்டுகிற பெண்ணின் குரல் அது. கொஞ்சமும் அவசரம் இல்லை, அடித்தொண்டையிலிருந்து உறுமல் வருகிறது. அப்புறம் 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதைக் கேளுங்கள். வேகம் கூடியிருக்கிறது, வரிகள் மாறியிருக்கின்றன, சரணத்துக்குச் சரணம் டிரம்ஸ் படபடவென்று வெடிக்கிறது. முன்னது ரிதம் அண்ட் புளூஸ், பின்னது ராக் அண்ட் ரோல். இரண்டையும் சேர்த்துக் கேட்க ஐந்து நிமிடம்தான் ஆகும். எல்விஸை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். தார்ன்டன் இல்லாமல் இந்தக் கதை தொடங்காது.

படி 2: எண்ணிக் கேளுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு மூன்று நாள் கொடுங்கள். எல்விஸின் பதிவை மறுபடி போட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒன்றில் தட்டியே பழகிய கையை, இரண்டிலும் நான்கிலும் தட்டச் சொல்லுங்கள். டிரம்ஸின் பலத்த அடி அங்கேதான் விழுகிறது. இதைத்தான் பேக்பீட் என்கிறார்கள்.

நான்கு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார். ஒரு சரணத்தில் மூன்று வரி, வரிக்கு நான்கு பார், மொத்தம் 12. முதல் வரியே இரண்டாவதாகவும் வரும், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். 5ஆவது பாரில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், மாறுவதைக் கவனியுங்கள். 7இல் பழைய கார்டுக்கே திரும்பும், 9இல் இன்னொன்றுக்குத் தாவும், 11இல் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும். இதுதான் 12 பார் புளூஸ். இது காதில் ஏறிவிட்டால், ஐம்பதுகளின் எத்தனையோ ராக் பாடல்களில் அடுத்து என்ன வரும் என்பது உங்களுக்கே முன்கூட்டித் தெரியும். அந்தச் சந்தோஷத்துக்காகவே எண்ணலாம்.

படி 3: பின்னோக்கிப் போங்கள்

1936இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்த பாடல்களில் ஒன்றைக் கேளுங்கள். ஒரே ஆள், ஒரே கிட்டார். 1943இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த மடி வாட்டர்ஸுக்கு அது போதவில்லை. நகரத்து மதுக்கூடச் சத்தத்தில் சாதாரணக் கிட்டார் எடுபடாது என்பதால் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்தார். 1950இல் அவர் வெளியிட்ட 'ரோலின் ஸ்டோன்' பாட்டிலிருந்துதான் 1962இல் லண்டன் இளைஞர்கள் சிலர் தங்கள் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கறுப்பின மக்களின் இசை அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டிஷ் ராக் ஆன வழி இது.

படி 4: பாடகரை விட்டு பேஸைப் பிடியுங்கள்

ஹெட்போன் கேட்டது இதற்காகத்தான். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் போன் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது. மார்வின் கேயும் டாமி டெரலும் 1967இல் பாடிய 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' பாட்டைப் போடுங்கள். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தின் பாட்டு, பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டுவார். குரல்களுக்கு அடியில் அவர் தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருப்பார். சோல் இசைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

படி 5: டிரம்ஸ் மட்டும்

ஜேம்ஸ் பிரவுன் 1970இல் வெளியிட்ட 'ஃபங்கி டிரம்மர்' நீளமான பாட்டு. பொறுமையாகக் காத்திருங்கள். பிற்பகுதியில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் டிரம்ஸ் மட்டும் சில நொடிகள் ஒலிக்கும். இப்படித் தாளம் மட்டும் நிற்கும் இடத்துக்கு பிரேக் என்று பெயர். 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், ஆடுகிறவர்கள் இந்த பிரேக்குகளுக்காகவே காத்திருப்பதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, பிரேக்கை நீட்டிக்கொண்டே போனார். ஹிப்-ஹாப் அங்கே பிறந்தது. ஸ்டபிள்ஃபீல்டின் அந்தச் சில நொடிகளைப் பின்னாளில் கணக்கற்ற ராப் பாடல்கள் எடுத்துக்கொண்டன. பாட்டின் ஆசிரியராகப் பதிவானதோ ஜேம்ஸ் பிரவுனின் பெயர் மட்டும்தான். அதனால்தான் டிரம்மரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, ஏழாம் நாள் மறுபடி தார்ன்டனைப் போடுங்கள். இந்த முறை கை தானாகவே இரண்டிலும் நான்கிலும் விழுகிறதா என்று பாருங்கள்.