கரும்புத் தீவின் குப்பைமேட்டில் சாப்பாட்டைத் தேடுவது எப்படி?

கரீபியன் கரும்புத் தோட்டக் கணக்கேடுகளில் அடிமைகளுக்கு எவ்வளவு மக்காச்சோளம், எவ்வளவு கருவாடு அளந்தார்கள் என்று இருக்கும். அது அளந்தவர் எழுதிய கணக்கு. தின்றவர் பக்கத்துக் கணக்கு மண்ணுக்குள் இருக்கிறது. 1627இல் ஆங்கிலேயர் குடியேறி, 1640களில் கரும்புக்கு மாறிய பார்படோஸ் போன்ற தீவில் அதைப் படிக்கும் வழி இது.

குடிசைத் தரையை மட்டும் தோண்டினால் ஏமாந்துபோவீர்கள். நம் ஊர் வாசல் போலவே அங்கும் முற்றத்தைப் பெருக்கித் தள்ளினார்கள். எச்சம் சேர்வது முற்றத்தின் விளிம்பிலும் சரிவிலும்தான். குழியை அங்கே போடுங்கள்.

6 மி.மீ. சல்லடையில் மாட்டெலும்பு நிற்கும், சின்ன மீன் முள் ஓடிவிடும். பிறகு ‘இவர்கள் மீனே தின்னவில்லை’ என்று எழுதிவைப்பீர்கள். எல்லா மண்ணையும் 3 மி.மீ. சல்லடையில் சலியுங்கள், ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பகுதியை 1.5 மி.மீ. சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுங்கள். இன்னும் 40 முதல் 60 லிட்டர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதந்து வரும் கரித்துகள்களை 0.3 மி.மீ. வலையில் பிடித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் கரி வெடித்து உதிரும்.

அடுக்கு கலங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜமைக்காவுக்குக் கீரி வந்ததே 1872இல், அதுவும் கல்கத்தாவிலிருந்து. அங்கே அடிமைக் கால அடுக்கில் கீரி எலும்பு கிடைத்தால் பின்னாளில் ஏதோ வளை தோண்டியிருக்கிறது.

மீனைப் பிரிக்கும்போது உடலின் எந்தப் பகுதி கிடைக்கிறது என்பதே முக்கியம். வட அட்லாண்டிக்கிலிருந்து வந்த காட் மீன் கருவாட்டில் தலையும் முன்பக்க முதுகெலும்பும் பிடித்த ஊரிலேயே நின்றுவிடும். தீவில் கிடைப்பது செவுளுக்குப் பின்னால் உள்ள தோள் எலும்பும் வால்பக்க முதுகெலும்பும்தான். கிளிமீன் உள்ளூர்ப் பவளப்பாறையில் பிடித்தது என்பதால் தலையோடு வரும். அதன் தொண்டைப் பல்தகடு கெட்டியானது, எளிதில் அழியாது. அதனால் இரண்டையும் துண்டு எண்ணி ஒப்பிட்டால் கருவாடு எப்போதும் குறைவாகவே தெரியும்.

கிழங்கு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் விதை விடாமலே மறைந்துபோகும், கரியிலும் எளிதில் அடையாளம் தெரியாது. சட்டி, அரைக்கும் கல், பல் காறை ஆகியவற்றில் ஒட்டிய மாவுத்துகளை நுண்ணோக்கியில் தேட வேண்டும். அந்தப் பாத்திரங்களைக் கழுவிவிட்டால் சான்று போச்சு.

மனித எலும்பில் ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் அளவைப் பார்ப்பது கடைசிப் படி. சந்ததியினரின் சம்மதமும் அரசின் அனுமதியும் இல்லாமல் தொடக்கூடாது. அரை கிராம் எலும்பு போதும். வெப்ப மண்ணில் எலும்பு உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கொலாஜன் என்ற எலும்புப் புரதம் கரைந்திருக்கலாம். எடையில் 1 சதவீதத்துக்குக் கீழே கிடைத்தாலோ, கார்பன்-நைட்ரஜன் விகிதம் 2.9 முதல் 3.6 வரையிலான வரம்பைத் தாண்டினாலோ முடிவை வீசிவிடுங்கள்.

பலர் சறுக்குவது கார்பனில். மக்காச்சோளம், கரும்பு இரண்டும் கார்பன்-13 அளவை உயர்த்தும். பவளப்பாறை மீனும் அதையே செய்யும்! கார்பன் எண்ணை மட்டும் வைத்து மக்காச்சோளம் என்று சொல்ல முடியாது. மீனும் இறைச்சியும் கூடினால் உயரும் நைட்ரஜன்-15 அளவையும் அதே இடத்து விலங்கு எலும்பின் அளவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கொலாஜன் பெரும்பாலும் சாப்பாட்டில் இருந்த புரதத்தைத்தான் காட்டும், மென்ற கரும்பின் இனிப்பு அதில் சரியாகப் பதியாது. அதற்கு எலும்பின் தாதுப் பகுதியைச் சோதியுங்கள்.

ஒரே ஆளின் பல்லையும் விலா எலும்பையும் சேர்த்து எடுப்பது நல்லது. முதல் கடைவாய்ப் பல்லின் உட்பகுதி குழந்தைப் பருவச் சாப்பாட்டையும், விலா எலும்பு கடைசிச் சில ஆண்டுகளையும் காட்டும். பார்படோஸின் நியூட்டன் தோட்ட இடுகாட்டில் சோதித்த 25 பேரில் குறைந்தது 7 பேர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் என்று தெரிந்தது இப்படிப்பட்ட ஐசோடோப் சோதனைகளால்தான். பால்குடி வயதுக் குழந்தைகளின் எலும்பில் நைட்ரஜன்-15 கூடுதலாக வந்தால் அது தாய்ப்பால். மீன் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.