மான் முட்டிய காரைத் தானம் கொடுப்பது எப்படி?

2024 நவம்பரில் ஒரு இரவு, நியூ ஜெர்சி ரூட் 206-இல் ஒரு மான் எங்கள் 2007 கேம்ரி காரின் குறுக்கே பாய்ந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மானும் எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டது. கார் மட்டும் பானெட் மடங்கி, ரேடியேட்டர் கிழிந்து, ஒரு பக்க ஹெட்லைட் தொங்க நின்றது. சரிசெய்ய 4,200 டாலர் ஆகும் என்றார் மெக்கானிக். நன்றாக ஓடிய காலத்திலேயே அதை மூவாயிரத்துக்கு மேல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மான் மோதினால் பணம் தருவது காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ். பழைய வண்டிதானே என்று அதை இரண்டு வருடத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தேன்.

"தானம் கொடுத்துடுங்க, டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்று அலுவலகத்தில் நாலு பேர் சொன்னார்கள். கொடுத்தேன். டாக்ஸில் ஒரு சென்ட் கழியவில்லை. அமெரிக்காவில் முதல் தடவையாக அடிபட்ட காரைக் கொடுக்கப்போகிறவர்கள் என்னை மாதிரி பாதி வழியில் முழிக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: டாக்ஸ் கணக்கை முதலில் போடுங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், நான் உட்பட.

அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் விதி இதுதான்: நீங்கள் கொடுத்த காரைத் தொண்டு நிறுவனம் அப்படியே விற்றுவிட்டால், என்ன விலைக்குப் போனதோ அந்தத் தொகையைத்தான் நீங்கள் கழிவாகக் காட்ட முடியும். பழைய கார்களுக்கு விலை சொல்லும் கெல்லி புளூ புக் 3,000 என்று சொன்னாலும், ஏலத்தில் 725-க்குப் போனால் 725 தான். 500 டாலரோ அதற்குக் கீழோ போனால் ஒரு சின்னச் சலுகை உண்டு: காரின் சந்தை விலை, 500 டாலர், இந்த இரண்டில் எது குறைவோ அதைக் காட்டலாம். நிறுவனம் விற்காமல் தன் வேலைக்கே காரை ஓட்டினாலோ, பெரிய அளவில் பழுதுபார்த்து விற்றாலோ, வசதியில்லாத ஒருவருக்கு இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கொடுத்தாலோ முழுச் சந்தை விலையையும் காட்டலாம். முகம் நசுங்கிய காருக்கு அந்த யோகம் அபூர்வம்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. கொடுக்கிறவரே ஒரு விலையைப் போட்டுக்கொள்வார். 2003-இல் ஜிஏஓ என்கிற அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் 1983 மாடல் டிரக் ஒன்றின் கதை வருகிறது. விற்றது 375 டாலருக்கு. வசூல் ஏஜென்ட் செலவு, விளம்பரச் செலவு போக மிஞ்சியது 63. அதையும் ஏஜென்டும் தொண்டு நிறுவனமும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள, தொண்டுக்குப் போய்ச் சேர்ந்தது 31 டாலர் 50 சென்ட். கொடுத்தவர் வரியில் காட்டிய தொகை 2,915! இந்த மாதிரிக் கூத்துகளுக்குப் பிறகு 2004-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2005 தொடக்கத்திலிருந்து விற்ற விலைதான் கணக்கு. அலுவலகத்தில் யோசனை சொன்ன நாலு பேரும் இன்னும் 2004-ஐத் தாண்டி வரவில்லை.

அப்புறம், ஷெட்யூல் ஏ போட்டுச் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கழிவே. ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்கிற பொதுவான நிலைக்கழிவை எடுத்தால் காருக்கு ஒன்றும் கிடையாது. 2025-ஆம் வருடக் கணக்குக்கு அது தம்பதிக்கு 31,500 டாலர், தனி ஆளுக்கு 15,750. வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி, நன்கொடை எல்லாம் கூட்டி அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். நாங்கள் வாடகை அபார்ட்மென்ட்காரர்கள், பக்கத்தில்கூடப் போகவில்லை.

தாண்டுகிறவர்களுக்கும் 2026 வருமானத்திலிருந்து ஒரு முட்டுக்கட்டை வந்திருக்கிறது. ஏஜிஐ-யில் (வரிக்கணக்கில் வரும் சரிசெய்த மொத்த வருமானம்) அரை சதவீதம் வரையிலான நன்கொடைக்குக் கழிவு இல்லை. ஏஜிஐ 1,50,000 டாலர் என்றால் முதல் 750 டாலர் கணக்கில் வராது. வேறு நன்கொடை கொடுக்காதவரின் 725 டாலர் கார் அதிலேயே முழுகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. அதே 2026 முதல், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எடுக்கிறவர்களும் பணமாகக் கொடுத்த நன்கொடையில் 1,000 டாலர் வரை, தம்பதி என்றால் 2,000 வரை கழிக்கலாம். பணம் மட்டும்தான், கார் சேராது. ஆகவே காரைப் பழைய இரும்புக்கு எடுக்கும் ஜங்க்யார்டில் போட்டு, வருகிற காசை நீங்களே தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் கழிவும் கிடைக்கும், நடுவில் யாருக்கும் கமிஷனும் போகாது. எனக்கு ஜங்க்யார்டில் 350 டாலர் சொன்னார்கள். இப்போது என்னைக் கேட்டால், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்காரர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

பிறகு நான் ஏன் அப்படியே கொடுத்தேன்? இந்த விதி அப்போது இல்லை. தவிர, பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுங்கள் என்று அபார்ட்மென்ட் மேனேஜர் இரண்டாவது கடிதம் ஒட்டியிருந்தார். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த காரை 350-க்கு நசுக்கப் போடவும் மனசு வரவில்லை. (ஏலத்தில் எடுத்தவரும் நசுக்கித்தான் இருப்பாரோ என்னவோ.)

படி 2: யாருக்குக் கொடுப்பது

ஐஆர்எஸ் தளத்தில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் உண்டு. நீங்கள் கொடுக்க நினைக்கும் அமைப்பு 501(சி)(3) வகையில் இருக்கிறதா என்று பெயரைப் போட்டுப் பாருங்கள். கோயில், சர்ச், மசூதிகள் அந்தப் பட்டியலில் இல்லாமலும் தகுதி பெற்றவையாக இருக்கலாம், அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் சித்தப்பா நடத்தும் டிரஸ்ட்டுக்கு இந்திய வரிச்சலுகையான 80ஜி இருக்கிறது என்பது இங்கே செல்லாது. அமெரிக்காவில் தகுதி பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான அமைப்புகள் காரைத் தாங்களே கையாள்வதில்லை. அவர்கள் சார்பில் ஒரு கம்பெனி போனை எடுக்கும், டோ டிரக் அனுப்பும், ஏலத்தில் விற்கும், தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். இதில் தப்பு ஒன்றுமில்லை, அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் சரி. போனில் கேட்டேவிடுங்கள்: "கார் 700 டாலருக்குப் போனால் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்?" நான் மூன்று இடத்தில் கேட்டேன். ஓரிடத்தில் உடனே எண்ணைச் சொன்னார்கள். ஓரிடத்தில் மின்னஞ்சலில் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. மூன்றாவது இடத்தில் விளம்பரப் பாட்டு மாதிரி பேசிக்கொண்டே போனார்கள். முதலாமவருக்குக் கொடுத்தேன்.

சேதத்தை மறைக்காதீர்கள். ஸ்டார்ட் ஆகிறதா, ஏர்பேக் வெடித்ததா, தண்ணீரில் மூழ்கியதா, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஓடாத காரையும் எடுத்துக்கொள்ளும் இடங்கள் நிறைய இருக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் (சரிசெய்து பயனில்லை) என்று பணம் கொடுத்துக் காரையும் எடுத்துக்கொண்டிருந்தால் அது உங்களுடையது இல்லை, கொடுக்க முடியாது. பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் காரை நீங்களே வைத்துக்கொண்டிருந்தால், சால்வேஜ் டைட்டிலோடு (பெரிய சேதம் அடைந்த கார் என்று குறித்த உரிமைப் பத்திரம்) கொடுக்கலாம்.

படி 3: டைட்டில்

கார் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்று சொல்லும் காகிதம் இதுதான். ரிஜிஸ்ட்ரேஷன் அட்டை வேறு. தொலைந்திருந்தால் நியூ ஜெர்சி எம்விசி-யில் (வாகனப் பதிவு அலுவலகம்) 60 டாலர் கட்டி நகல் வாங்கலாம். கார் லோன் எப்போதோ முடிந்திருந்தாலும் டைட்டிலில் பேங்க் பெயர் அப்படியே இருக்கலாம். அப்படியென்றால் பேங்கிடம் கடன் தீர்ந்தது என்கிற லீன் ரிலீஸ் கடிதம் வாங்க வேண்டும்.

இரண்டு பெயர் இருந்தால் நடுவில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். பொதுவாக "அண்ட்" என்றிருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "ஆர்" என்றால் ஒருவர் போதும். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கும்போது இதைக் கண்டுபிடித்த நண்பர் ஒருவர் டைட்டிலைக் கூரியரில் மதுரைக்கு அனுப்பி வரவழைத்தார். ஒஹாயோ, நார்த் கரோலைனா போன்ற மாநிலங்களில் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே வீட்டிலேயே போட்டுவிட்டால் வேலை கெட்டது.

வாங்குபவர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். என்னிடம் வந்த டோ டிரக்காரர், "கையெழுத்து மட்டும் போடு, மீதியை ஆபீஸில் நிரப்புவார்கள்" என்றார். காலியாக விட்ட டைட்டிலோடு கார் நாலு கை மாறினாலும் பதிவேட்டில் கடைசிப் பெயர் உங்களுடையதுதான். அந்த நாலாவது ஆள் எங்காவது இடித்துவிட்டுப் போனால் போலீஸ் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். நான் அவரை நிற்கவைத்து, தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, எந்தப் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டு எழுதினேன். பத்து நிமிடம் ஆனது. அவருக்குக் கோபம்தான். பரவாயில்லை.

மைல் கணக்கையும் பார்த்து எழுதுங்கள். 2011 மாடலிலிருந்து வந்த கார்களுக்கு இருபது வருடம் வரை ஓடோமீட்டர் எண்ணைக் கொடுப்பது கட்டாயம். பேட்டரி செத்துவிட்டால் டிஸ்ப்ளே வராது என்பதால் உயிர் இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காரைக் காலி செய்யுங்கள்

க்ளவ் பாக்ஸ், சீட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே என்று எல்லா இடமும் துழாவுங்கள். முகவரியோடு இருக்கும் பழைய இன்சூரன்ஸ் அட்டைகள், கராஜ் ரிமோட், குழந்தை சீட். காரோடு இணைத்த போன்களை அழியுங்கள், நேவிகேஷனில் "வீடு" என்று பதிந்ததையும் அழியுங்கள். புதிய காராக இருந்தால் கம்பெனி ஆப்பிலிருந்து அதை நீக்குங்கள். டாஷ்போர்டு பிள்ளையாரைப் பெயர்த்தெடுக்க ஹேர் டிரையர் சூடு காட்டினேன். பசை இளகி வந்துவிட்டார்.

பிள்ளையாரை மறக்காத நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த டோல் டேகான ஈ-ஸி பாஸை மறந்தேன். டோ டிரக் முதுகில் ஏறிப்போன கார், டர்ன்பைக்கில் கடைசியாக ஒரு தடவை எங்கள் கணக்கிலிருந்து டோல் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. அன்றிரவே அந்த டேகைத் தொலைந்ததாகச் சொல்லி முடக்கினேன்.

படி 5: வண்டி எடுக்கும் நாள்

இழுத்துப் போக உங்களிடம் பணம் கேட்டால் ஏதோ சரியில்லை. பொதுவாக இது இலவசம். சாவி கையில் இருக்கட்டும், டயரில் காற்று இருக்கட்டும். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். டைட்டிலின் இரு பக்கமும் போட்டோ எடுங்கள். தேதியும் காரின் விஐஎன் என்கிற அடையாள எண்ணும் போட்ட ரசீது வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இந்த வருடக் கணக்கில் வர வேண்டுமென்றால் டிசம்பர் 31-க்குள் கார் கைமாற வேண்டும். கடைசி வாரத்தில் டிரக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

படி 6: நம்பர் பிளேட் முதலில், இன்சூரன்ஸ் பிறகு

இதில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு தினுசு. நியூ ஜெர்சியில் பிளேட்டைக் கழற்றி எம்விசி-யில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நியூயார்க்கிலும் பிளேட்டை ஒப்படைத்த பிறகுதான் இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டும்; மாற்றிச் செய்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. கலிஃபோர்னியாவில் சாதாரண பிளேட் காரோடு போய்விடும். ஆனால் கைமாறிய ஐந்து நாளுக்குள் டிஎம்வி என்கிற வாகனத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். டெக்சஸில் அதற்கு முப்பது நாள் அவகாசம். பிளேட்டின் ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே டபிள்யூடி-40 அடித்து வையுங்கள், டிரக்காரரை நிற்கவைத்துக்கொண்டு திருக வேண்டாம்.

படி 7: 1098-சி

கார் 500 டாலருக்கு மேல் விற்றால், விற்ற முப்பது நாளுக்குள் 1098-சி என்ற படிவத்தை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதில் 4சி என்ற கட்டத்தில் இருப்பதுதான் விற்ற தொகை. 500-க்கு மேல் கழிவு கேட்பவர்கள் அதன் பி நகலை ரிடர்னோடு இணைக்க வேண்டும், கூடவே 8283 படிவமும். இதற்காக உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள். அதைத் தொண்டு நிறுவனத்தின் படிவத்தில் மட்டும் கொடுங்கள். டிரக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஊருக்கே திரும்புகிறவர்கள் இங்கே இருக்கும் நண்பர் ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எனக்கு ஜனவரி கடைசியில் வந்தது. 4சி கட்டத்தில் 725. போனை எடுத்த அன்று அவர்கள் சொன்ன பங்குக் கணக்குப்படி ஐந்நூற்றுச் சொச்சம் தொண்டுக்குப் போயிருக்கும். எங்கள் ரிடர்னில் அந்தத் தாளுக்கு வேலை இல்லை. எம்விசி ரசீதோடு சேர்த்து ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.