பெரியவர்களின் எலும்பு வரலாற்றை எழுதிவைப்பது எப்படி

வீட்டுப் பெரியவர் ஒருவரை எலும்புப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதற்கு முன், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அவருடைய வாழ்க்கையை அதில் எழுதிக்கொள்ளுங்கள். என் தாயார் 61 வயதில் புறவாசல் படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டவர்கள் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் அது முன்பே மெலிந்திருக்கலாம் என்று அன்று எவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் முழங்கால் வலியையும் எலும்பு மெலிவதையும் ‘தேய்மானம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் பெரிய குழப்பம் நேர்கிறது. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்பு மெலியும் நோயான எலும்புப்புரை, எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. எலும்பு உயிருள்ள திசு என்பதால் பழையது கரைந்து புதியது படிந்துகொண்டே இருக்கிறது. ஏறக்குறைய 30 வயதுவரை வரவு மிகுதி, பின்னர் மெல்ல மெல்லச் செலவு மிகுதி. நாள்பட்ட கவலை உடலில் கார்டிசால் என்ற சுரப்பை உயர்த்திவிட்டால், அது எலும்பைக் கட்டும் செல்களை மந்தமாக்கி, குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதைக் குறைத்து, சிறுநீரில் அது வெளியேறுவதைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 11,020 பெண்களை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வொன்றில், உறவுகளுக்குள் உரசல் மிகுந்திருந்த பெண்களுக்கு எலும்படர்த்தி கூடுதலாகக் குறைந்திருந்தது. அது நம் ஊர்ப் பெண்களைப் பற்றியதன்று. ஆயினும் உறவில் உரசல் உண்டா என்ற கேள்வியை நம் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

எப்போது கேட்பது என்பது முக்கியம். மகனோ மருமகளோ அருகில் இருக்கும்போது எந்த ஆச்சியும் உண்மையைச் சொல்லமாட்டார். முருங்கைக்கீரை ஆயும்போதோ பீடி சுற்றும்போதோ தனியாக அருகில் உட்காருங்கள். கை வேலையில் இருந்தால் பேச்சு தானாக வரும். “ஆச்சி, நீங்க வயசுக்கு வந்தப்போ என்ன குடுத்தாவ?” என்று தொடங்கினால் போதும்.

முதல் பகுதியில் பிறப்பு முதல் இருபது வயதுவரை எழுதுங்கள். பஞ்சம் பார்த்தாரா, படிப்பை எப்போது நிறுத்தினார், எந்த வயதில் வேலைக்கு உட்கார்ந்தார் என்பவை வர வேண்டும். ஆலங்குளம், முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கங்களில் எத்தனையோ பெண்கள் பள்ளியை விட்ட கையோடு மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, நாளெல்லாம் நிழலில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எலும்பு பாரம் தாங்கித் தாங்கித்தான் கெட்டிப்படும். வளரும் வயதில் வெயிலும் ஓட்டமும் இழந்தால் சேமிப்பே குறைந்துவிடும். வேகமாக வளரும் இரண்டு ஆண்டுகளில் மட்டும் வாழ்நாள் எலும்பில் கால்பங்கு அளவு படிகிறது. சடங்கின்போது கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதை நான் மிகவும் மதிக்கிறேன், அதில் புரதமும் உண்டு, வீட்டாரின் அக்கறையும் உண்டு. ஆனால் அதே நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் விளையாட்டை நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. இன்று வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் இருந்தால், களியையும் கொடுங்கள், கயிறு தாண்டவும் விடுங்கள்.

இரண்டாம் பகுதி திருமணத்திலிருந்து மாதவிடாய் நிற்கும்வரை. பிள்ளைப்பேறுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள் என்பதும் இங்கே வரும். பாலூட்டும் காலத்தில் தாயின் எலும்பு சிறிது குறைந்து, பால் மறக்கடித்த பிறகு பெரும்பாலும் மீண்டுவிடும். ஆகையால் தாய்ப்பாலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். 45 வயதுக்கு முன் என்றால் அடிக்கோடிடுங்கள். கர்ப்பப்பை எடுத்திருந்தால், சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பதை அறிய அப்போது தந்த டிஸ்சார்ஜ் தாளைத் தேடியெடுங்கள். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு குறைந்த பின்வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்படர்த்தி 20 விழுக்காடு வரையிலும் குறையக்கூடும்.

மூன்றாம் பகுதியில் துக்கங்களை எழுதுங்கள். கணவர் இறந்த ஆண்டு, பிள்ளைகள் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போன ஆண்டு, வீட்டில் பேச்சு நின்றுபோன ஆண்டு, இவற்றோடு அவர் எடை குறையத் தொடங்கிய ஆண்டையும் வைத்துப் பாருங்கள். தனக்கென்று மட்டும் உலை வைக்க மனமில்லாமல் காப்பியும் ரஸ்க்கும் கொண்டு இரவை முடித்துக்கொள்ளும் ஒருவருக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. ஆண்களையும் விட்டுவிடாதீர்கள், மனைவியை இழந்தபின் குடியும் பீடியும் கூடியவருக்கு எலும்பும் மெலியும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மூச்சிரைப்புக்கோ வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் உண்டிருந்தால் அதையும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தால் அதன் பெயரையும் குறியுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாகச் சுவரில் சாய்த்து நிறுத்தி உயரத்தை அளவெடுங்கள். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கியிருக்கக்கூடும். நோட்டை மருத்துவரிடம் கொடுத்து, எலும்படர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. விடியற்காலை வெயில் மனத்துக்கு இதம், ஆனால் வைட்டமின் டி அதில் கிடைக்காது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், கைகால்களில் வெயில் பட, சிறிது நேரம் முற்றத்தில் இருக்கச் செய்யுங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேப்பையில் சுமார் 350 இருக்கிறது, முள்ளோடு மெல்லும் நெத்திலியும் எள்ளும் முருங்கைக்கீரையும் மீதிக்கு உதவும். கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் கொடுக்க வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரவு உணவை மட்டுமாவது உடன் உட்கார்ந்து உண்ணுங்கள்.

ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி விழுவோமோ என்ற அச்சம் முறிவைவிட நீண்ட நாள் இருக்கும். அந்த அச்சத்தில் அறைக்குள் முடங்கினால் கால் தசை வற்றி, விழும் வாய்ப்பே கூடுகிறது. ‘பேசாமல் படுத்திருங்கள்’ என்று அன்பால் சொல்வதும் தீங்காகிறது. கட்டுப் பிரித்து, நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, புறவாசலுக்கு ஒரு விளக்கும் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்திவிட்டு, முதல் வாரம் திண்ணைவரை, அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மதினியைப் பார்க்க, அதற்கடுத்து தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை என்று கூடவே நடந்து போங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள விடுங்கள்.