அமெரிக்காவில் கிறிஸ்தவ ஹோம்ஸ்கூலிங்: புதிதாக வந்த குடும்பங்கள் முதல் பாடத்துக்கு முன் பார்க்க வேண்டிய சட்டங்கள்

"அக்கா, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வேதத்தோடு சேர்த்துப் படிக்க வைத்தால் இங்கே கேஸ் போடுவார்களா?" ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புதிதாக வந்த யாராவது ஒருவர் என்னிடம் மெதுவான குரலில் இதைக் கேட்காத மாதமே இல்லை. போடமாட்டார்கள். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங் சட்டப்படி செல்லும். வீட்டில் வேதம் சொல்லித்தருவதை எந்த மாநிலமும் தடுப்பதில்லை. ஆனால் இதோடு என் பதிலை நிறுத்தினால் உங்களைப் பாதி வழியில் விட்டதாகிவிடும். ஏனென்றால் நாங்களே அந்தப் பாதி வழியில் நின்றிருக்கிறோம்.

நியூஜெர்சியில் இரண்டு வருடம் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைத்தோம். யாருக்கும் ஒரு காகிதம்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கணவரின் ப்ராஜெக்ட் மாறி, ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குக் குடிபோனோம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து செப்டம்பரில் பாடத்தைத் தொடங்கிவிட்டோம். மகனை உள்ளூர்ப் பள்ளியின் நீச்சல் அணியில் சேர்க்கப் போன இடத்தில், "உங்கள் அஃபிடவிட் எங்கே?" என்று கேட்டார்கள். எனக்கு அந்த வார்த்தையே புதிது. அன்று இரவு சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான், அது ஒரு சத்தியப் பத்திரம் என்றும், பாடம் ஆரம்பிக்கும் முன்பே கொடுத்திருக்க வேண்டிய அதை நாங்கள் கொடுக்கவே இல்லை என்றும் புரிந்தது. நல்லவேளையாகப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. உங்களுக்கு அந்த இரண்டு வாரம் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங்குக்கு மத்திய அரசின் பொதுச் சட்டம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதி வைத்திருக்கிறது. டெக்ஸாஸில் இருக்கும் உங்கள் அண்ணன் சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. உங்கள் வீட்டுக்கு உங்கள் மாநிலக் கல்வித்துறையின் தளத்தில் இருப்பதுதான் சட்டம். எச்-1பி-யில் வந்தவர்கள் அடிக்கடி ஊர் மாறுகிறோம். மாறும் ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் இருக்கும் மாநிலங்களைப் பார்ப்போம். மிகவும் எளிதானவை நியூஜெர்சி, டெக்ஸாஸ், இல்லினாய்ஸ். நியூஜெர்சி சட்டம் 6 முதல் 16 வயது வரை பள்ளிக்குப் போக வேண்டும், அல்லது பள்ளிக்கு வெளியே அதற்கு இணையான கல்வி பெற வேண்டும் என்கிறது. 'இணையான' என்றால் படிப்பின் தரத்தில் இணையாக இருந்தால் போதும் என்று 1967-இல் அங்கே ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் மகளைத் தானே படிக்க வைத்த ஒரு தாயின் வழக்கு அது. டெக்ஸாஸில் ஹோம்ஸ்கூல் என்பது ஒரு தனியார் பள்ளியாகவே கருதப்படுகிறது. பதிவு கிடையாது, தேர்வு கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனுக்கான பாடம் ஆகிய ஐந்தையும் உண்மையான பாடத்திட்டம் வைத்து நடத்த வேண்டும், அவ்வளவுதான். இல்லினாய்ஸுக்கு 1950-இல் வந்த ஒரு தீர்ப்பு அடிப்படை. வழக்கை நடத்தியவர்கள் செவன்த் டே அட்வென்டிஸ்ட் குடும்பத்தினர். வீடும் தனியார் பள்ளியாக இருக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் அப்போது ஒப்புக்கொண்டது.

அடுத்த வகை, அறிவிப்பு கொடுக்க வேண்டிய மாநிலங்கள். ஜார்ஜியாவில் தொடங்கிய 30 நாளுக்குள்ளும், அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1-க்குள்ளும் அறிவிக்க வேண்டும். ஆண்டுக்கு 180 நாள், நாளுக்கு நாலரை மணி நேரம் பாடம். மூன்றாம் வகுப்பு முடிவிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேசிய அளவில் தரப்படுத்தப்பட்ட ஒரு தேர்வு. கலிஃபோர்னியாவில் வீட்டையே தனியார் பள்ளியாக அறிவித்து அக்டோபர் 1 முதல் 15 வரை ஆன்லைனில் ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்வதுதான் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் எடுக்கும் வழி. வாஷிங்டன் மாநிலத்தில் 8 வயதில்தான் கட்டாயக் கல்வி தொடங்குகிறது. கல்லூரியில் 45 குவார்ட்டர் கிரெடிட் (ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு) படித்த பெற்றோர் நேரடியாகக் கற்பிக்கலாம், எனவே பட்டம் வாங்கியவர்களுக்கு அங்கே சிக்கல் இல்லை.

கடினமானவை நியூயார்க்கும் பென்சில்வேனியாவும். நியூயார்க்கில் ஜூலை 1-க்குள், நடுவில் தொடங்கினால் 14 நாளுக்குள், உங்கள் பகுதிப் பள்ளிகளுக்குத் தலைமை அதிகாரியான டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டென்டுக்குக் கடிதம் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பாடத்திட்டம், காலாண்டுக்கு ஒரு அறிக்கை, ஆண்டு இறுதியில் மதிப்பீடு. ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், அதற்கு மேல் 990. பென்சில்வேனியாவிலும் இதே மணிக்கணக்குதான், அல்லது 180 நாள். தொடங்கும் முன் ஒரு அஃபிடவிட், பிறகு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-க்குள் ஒன்று. 3, 5, 8-ஆம் வகுப்புகளில் தேர்வு. தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையின் வேலைகளைப் பார்த்துக் கையெழுத்திட்ட சான்று ஜூன் 30-க்குள் போய்ச் சேர வேண்டும். படித்தால் மலைப்பாக இருக்கும். ஒரு வருடம் செய்துவிட்டால் பழகிவிடும். என் பிள்ளைகளின் ஃபோல்டரை அந்த மதிப்பீட்டாளர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாராட்டியது, நான் அந்த வருடம் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

பல மாநிலங்கள் கற்பிக்கும் பெற்றோருக்கு ஹைஸ்கூல் டிப்ளமோ இருக்க வேண்டும் என்கின்றன. பிளஸ் டூ சான்றிதழ் அல்லது ஏ.எல். பெறுபேற்றுத்தாளை வரும்போதே மூலப்பிரதியாகக் கொண்டுவாருங்கள். பட்டம் இருக்கிறதே என்று அதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்து தேடியவர்கள் நிறைய.

சரி, இனி நம் விசுவாசம் சம்பந்தப்பட்ட விஷயம். இதில்தான் குழப்பம் அதிகம். பெரும்பாலான மாநிலங்கள் உங்களிடம் காரணமே கேட்பதில்லை. 'நாங்கள் கிறிஸ்தவர்கள், அதனால் பள்ளிக்கு அனுப்பவில்லை' என்று கடிதத்தில் விளக்கம் எழுத வேண்டாம். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் புதிய கேள்விகள் வரும். மதத்தைச் சட்டம் நேரடியாகத் தொடும் இடங்கள் சில மட்டுமே. நார்த் கரோலினாவில் அறிவிப்புப் படிவத்தில், உங்கள் ஹோம்ஸ்கூல் மதம் சார்ந்ததா இல்லையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டுத் தேர்வு, வருகைப் பதிவு, தடுப்பூசிப் பதிவு எல்லாம் உண்டு. மேரிலாந்தில் தொடங்குவதற்கு 15 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். அதன்பின் கவுண்டி அதிகாரியிடம் பிள்ளையின் வேலைகளைக் காட்டலாம், அல்லது ஒரு சபை நடத்தும் கல்வி அமைப்பின் மேற்பார்வைக்குள் வரலாம். டென்னசி, அலபாமா மாநிலங்களிலும் சபை சார்ந்த பள்ளியின் கீழ் சேர்ந்துகொள்ளும் வழி இருக்கிறது. சேரும் முன் அந்தச் சபையின் விசுவாச அறிக்கையை நிதானமாகப் படியுங்கள். சிலர் அதில் கையெழுத்துக் கேட்பார்கள்.

வர்ஜீனியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பாதைகள். ஒன்று சாதாரண வழி: ஆகஸ்ட் 15-க்குள் அறிவிப்பு, அடுத்த ஆகஸ்ட் 1-க்குள் முன்னேற்றச் சான்று. மற்றொன்று மத விலக்கு. உண்மையான மத நம்பிக்கையின் காரணமாகப் பள்ளி வருகையை ஏற்க முடியாத குடும்பத்துக்கு ஸ்கூல் போர்டு விலக்கு தரும். அது கிடைத்தால் ஆண்டு அறிவிப்பும் தேர்வும் இல்லை. அதனால் பலருக்கு இது கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் அரசியல், சமூகக் கருத்துகளோ தனிப்பட்ட ஒழுக்க நெறியோ இதற்குப் போதாது என்று சட்டமே சொல்கிறது. பள்ளிச் சூழல் பிடிக்கவில்லை என்பது மத நம்பிக்கை ஆகாது. உங்கள் மனசாட்சி உண்மையிலேயே அந்த இடத்தில் நிற்கிறதா என்று ஜெபித்து யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தேர்வைத் தவிர்க்க மட்டும் இதை எடுப்பது கர்த்தருடைய பெயரைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துவது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

"வேதம் மட்டும் போதும், கணக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் குடும்பங்களையும் சந்தித்திருக்கிறேன். அவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வது 1972-இல் உச்ச நீதிமன்றம் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குச் சாதகமாகத் தந்த தீர்ப்பை. அந்தத் தீர்ப்பு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்றவர்களைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழும் ஒரு சமூகத்தின் முழு வாழ்க்கைமுறையைப் பார்த்து எழுதப்பட்டது. அது நம்மைக் காப்பாற்றாது. மாநிலம் கேட்கும் பாடங்களை முழுதாக நடத்துங்கள். அபேகா, பிஜேயு பிரஸ் போன்ற கிறிஸ்தவப் பாடநூல்களில் அந்தப் பாடங்கள் எல்லாமே இருக்கின்றன.

தமிழைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கதை. முதல் உலகப் போருக்குப் பின் நெப்ராஸ்காவில், சிறு வகுப்புகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஒரு லுத்தரன் பள்ளி ஆசிரியர் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் மொழியில் வேதாகமக் கதைகளை வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். 1923-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தாய்மொழியில் வேதம் வாசிக்கக் கற்றுத்தரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தத் தீர்ப்பு இன்றும் நிழல் தருகிறது. ஆனாலும் இல்லினாய்ஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் முக்கியப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்கின்றன. கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அப்புறம் தமிழ் வேதாகமத்தைத் திறங்கள்.

பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்தால், வரிசை மிகவும் முக்கியம். சும்மா அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். காரணம் சொல்லாத விடுப்புகள் சேர்ந்தால் ட்ரூயன்சி, அதாவது பள்ளிக்கு வராததற்கான சட்ட நடவடிக்கை வரும். மாநிலம் கேட்கும் அறிவிப்பை முதலில் கொடுங்கள். பிறகு பள்ளிக்கு, பிள்ளையின் பெயர், வகுப்பு, இன்ன தேதியிலிருந்து விலகுகிறார், ஹோம்ஸ்கூலிங் தொடர்கிறோம் என்று நாலு வரிக் கடிதம். சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மதிப்பெண் பதிவுகளின் நகலையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

விசா பற்றிய பயத்துக்கும் வருவோம். எச்-4, எல்-2 பிள்ளைகளின் நிலை பெற்றோரின் விசாவைச் சார்ந்தது. பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை இல்லை. ஆனால் ஹோம்ஸ்கூலைக் காட்டி ஒரு பிள்ளைக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா வாங்க முடியாது. இன்னொன்று: உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் கற்பிப்பது வேலை ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு கற்பித்தால் அது வேலை. வேலை அனுமதி இல்லாத எச்-4 சகோதரிகள், பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கோ-ஆப் வகுப்புகளில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில், பாடங்களில் பெரும்பகுதியை ஒரு குழுவாக வேறொருவர் நடத்தினால் அது ஹோம்ஸ்கூல் என்ற வரையறையிலிருந்தே வெளியே போய்விடும்.

கலிஃபோர்னியாவில், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளி மூலம் வீட்டில் படித்தால் பாடப்பொருள்களுக்குப் பணம் தருவார்கள். அந்தப் பிள்ளை சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர். அந்தப் பணத்தில் கிறிஸ்தவப் பாடநூல் வாங்க முடியாது. வாங்கும் முன்பே தெரிந்துகொண்டால் மனவருத்தம் இல்லை.

யாராவது அதிகாரி கதவைத் தட்டினால் பதற வேண்டாம். மரியாதையாகப் பேசுங்கள், பெயரையும் வந்த காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்ற உத்தரவோ உடனடி ஆபத்தோ இல்லாமல், உங்கள் சம்மதமின்றி வீட்டுக்குள் வர அவர்களுக்கு உரிமை இல்லை. 1983-இல் தொடங்கப்பட்ட எச்.எஸ்.எல்.டி.ஏ. என்ற கிறிஸ்தவ அமைப்பு, தன் உறுப்பினர் குடும்பங்களுக்கு இத்தகைய நேரங்களில் சட்ட உதவி செய்கிறது. எளிதான மாநிலத்தில் இருந்தாலும் வருகைப் பதிவு, பாடநூல் பட்டியல், மாதத்துக்குச் சில எழுத்துப் பயிற்சிகள், தேர்வு முடிவு ஆகியவற்றை ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பின்னாளில் கல்லூரிக்கான டிரான்ஸ்கிரிப்டை (பாட, மதிப்பெண் பட்டியலை) நீங்கள்தான் எழுத வேண்டும், அப்போது அந்த ஃபோல்டர்தான் கை கொடுக்கும்.

சில வருடத்தில் இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால், என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பள்ளியில் சேராமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு மாற்றம் வந்தால் நிலைமை வேறு. ஜெர்மனியில் ஹோம்ஸ்கூலிங்குக்கு ஏறக்குறைய இடமே இல்லை. கிறிஸ்தவப் பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன வழக்குகள் 2006-இலும் 2019-இலும் அவர்களுக்கு எதிராகவே முடிந்தன. ஸ்வீடனிலும் மத நம்பிக்கையை ஒரு காரணமாக ஏற்பதில்லை. அலுவலகத்தில் இடமாற்றப் பேச்சு எழும்போதே, சம்பளத்தோடு சேர்த்து அந்த நாட்டுப் பள்ளிச் சட்டத்தையும் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.